கூடூ, கெம்ஸ்பொக், ஈலண்ட்: நிக்கிற மிருகத்தின்ர கொம்பைத் தூரத்தில இருந்து மதிக்கிறது எப்பிடி? வன்னிப் பெடியளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல்ல ஒண்டைத் தெளிவாச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், இல்லாட்டி ஆரும் இதை வாசிச்சுப்போட்டு ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ள இறங்கிவிடுவினம். தலைப்பில சொன்ன மூண்டும் ஆபிரிக்காவில நிக்கிற ஆண்டிலோப், அதாவது மான் மாதிரித் தெரிஞ்சாலும் கிளை விடாத கொம்புள்ள மிருகங்கள். எங்கட வன்னியில ஆண்டிலோப் எண்டு ஒரு மிருகமே இல்லை. இலங்கை முழுக்க இல்லை. வன்னியில மான் எண்டு இருக்கிறது புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான், இவ்வளவுதான். இதுகளைச் சுடுறது 1937ஆம் ஆண்டு வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம், அதில கதைக்க ஒண்டும் இல்லை. எங்களுக்குக் கிட்ட உள்ள ஆண்டிலோப் எண்டா கடலுக்கு அங்கால கோடிக்கரையில நிக்கிற வெளிமான்தான், அதுவும் இந்தியாவில முழுசாப் பாதுகாக்கப்பட்டது. ஆகவே இந்த வழிகாட்டி ஆருக்கெண்டா, கனடாவில, லண்டனில இருந்து நமீபியா, தென்னாபிரிக்கா பக்கம் அனுமதியோட வேட்டைக்குப் போற எங்கட ஆக்களுக்கும், அவையள் அனுப்புற படத்தைப் பாத்து "அண்ணை இது பெரிசோ சின்னனோ" எண்டு என்னட்டக் கேக்கிற மாங்குளம், நெடுங்கேணிப் பெடியளுக்கும்.

என்னட்ட ஏன் கேக்கினம் எண்டா, நான் நமீபியாவில ஒரு கேம் ஃபார்மில, அதாவது வேட்டைக்கெண்டு மிருகம் வச்சிருக்கிற பண்ணையில, கொஞ்ச வருசம் வேலை செய்தனான். துவக்குப் பிடிக்கிற வேலை இல்லை, தோல் உரிக்கிற கொட்டிலில. வாற தலை எல்லாத்தையும் கழுவி, நாடா பிடிச்சு அளந்து, எழுதி வைக்கிறது என்ர வேலை. காலமை ட்ரக்கில ஏறேக்க "56 அங்குலம் நிச்சயம்" எண்டு சொன்னவை பின்னேரம் நாடாவில 49 எண்டு காணேக்க அவையின்ர முகம் போற போக்கை நான் கனக்கப் பாத்திருக்கிறன். அந்தக் கொட்டிலுக்கையே எனக்கு விளங்கின விசயம் ஒண்டுதான்: நல்ல ட்ரொபி (வேட்டையின்ர நினைவா எடுத்து வைக்கிற கொம்பு, தலை) எண்டது நீளம் இல்லை, வயசு. வயசைச் சரியாப் பிடிச்சவனுக்கு நீளம் தானா வரும், நீளத்தைத் துரத்தினவன் கனதரம் இளந்தாரி மிருகத்தைத்தான் விழுத்துவான்.

படி 1: கொம்பு எப்பிடி வளருது எண்டதைப் பிடியுங்கோ

எங்கட புள்ளிமானுக்கும் மரைக்கும் இருக்கிறது முழு எலும்பு. கிளை விடும், விழும், திரும்ப முளைக்கும், முளைக்கேக்க மேல பூப்போல மெல்லிய தோல் மூடி இருக்கும். ஆண்டிலோப்பின்ர கொம்பு அப்பிடி இல்லை. உள்ள ஒரு எலும்புக் குருத்து, அதுக்கு மேல நகத்தில இருக்கிற அதே கெரட்டினால ஆன உறை. கிளை இல்லை, விழாது, சாகுமட்டும் அதே கொம்புதான். எங்கட வீட்டு ஆடு, மாடு, எருமைக்கு இருக்கிற கொம்பும் இதே சாதிதான், அதால வன்னியில வளந்தவனுக்கு இதை விளங்கிறது பெரிய வேலை இல்லை.

இதில கவனிக்க வேண்டியது, வளர்ச்சி அடியில நடக்குது. முனைதான் மிருகம் குட்டியா இருக்கேக்க வந்த பகுதி, அடிதான் கடைசியா வந்தது. முதல் சில வருசம் கொம்பு விறுவிறெண்டு நீளும். பிறகு நீளம் குறைஞ்சு அடி தடிக்கும். அதுக்குப் பிறகு முனை தேயத் தொடங்கும், மண்ணைக் கிண்டி, பத்தையை அடிச்சு, சண்டை பிடிச்சு. ஆகவே கிழட்டு மிருகத்தின்ர கொம்பு நடுவயசில இருந்ததை விடக் கட்டையாக் கூட இருக்கலாம். கூர் முனை, மெல்லிய அடி எண்டா இளசு. மொட்டை முனை, தடிச்ச அடி, அடிக்குக் கிட்ட வளையம் அழிஞ்சு மங்கலாக் கிடக்கிற புது வளர்ச்சி எண்டா வயசு போனது. கன பேர் வளையத்தை எண்ணி வயசு சொல்லப் பாக்கினம். உது சரிவராது, வருசத்துக்கு ஒரு வளையம் எண்டு கணக்கு இல்லை.

படி 2: கொம்பைப் பாக்காதேங்கோ, உடம்பைப் பாருங்கோ

இதுதான் எல்லாத்திலயும் கஷ்டமான படி, ஏனெண்டா கண் நேரா கொம்புக்குத்தான் போகும். ஃபார்மில ஒரு கிழவன் ட்ராக்கர், அதுதான் மிருகத்தின்ர தடம் பாத்துத் தேடுறவர், இருந்தவர், அவர் மிருகத்தைக் கண்டவுடன பைனாகுலரைக் காலில இருந்து மேல கொண்டு போவார், வயிறு, முதுகு, கழுத்து, முகம், கடைசியாத்தான் கொம்பு. கொம்புக்குப் போக முந்தியே முடிவு சொல்லிப்போடுவார். நானும் அந்த ஒழுங்கைத்தான் சொல்லுவன்.

வயிறு: இளம் ஆணின்ர வயிறு ஒட்டி இறுகி இருக்கும். வயசு போனதுக்குத் தொங்கும். முதுகு: நடுவில கொஞ்சம் பள்ளம் விழும், தோள் பக்கம் உயந்து தெரியும். கழுத்து: இது முக்கியம், நடுவயசு தாண்டின ஆணுக்குக் கழுத்து தடிச்சு நெஞ்சோட சேந்து ஒரே கட்டையாத் தெரியும், அதால முன்பக்கம் பாரமா, பின்பக்கம் ஒடுங்கினதா ஒரு தோற்றம் வரும். இளசுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, கால் நீளமாத் தெரியும். முகம்: கிழடுக்குக் கன்னம் வத்தி, மூக்குப் பக்கம் நரைச்சு, காது கிழிஞ்சு கிடக்கும். தோல்: கழுத்தில, தோளில மயிர் உதிந்து உள்தோல் தெரியத் தொடங்கும்.

பிறகு நடத்தை. எங்கட பட்டியிலயும் இதுதானே, நாம்பன்கள் துள்ளிக்கொண்டு முன்னுக்கு ஓடும், பழங்கிழடு ஆறுதலாப் பின்னுக்கு வரும். ஒரு கூட்டம் ஆண்கள் வெட்டைக்கு வந்தா முதல் வெளிய வாறது அனேகமா இளசு. பெரிசு பத்தைக்குள்ள நிண்டு மற்றதுகள் தப்பி நிக்குதோ எண்டு பாத்துப்போட்டுத்தான் வரும், சிலவேளை வராமலே விட்டுடும். தனிய நிக்கிற, இல்லாட்டி ரெண்டு மூண்டு கிழடா ஒதுங்கி நிக்கிற ஆண்கள்தான் நீங்கள் தேடுறது. இனப்பெருக்கம் செய்து முடிஞ்சு ஒதுங்கினதுகள், அதை எடுத்தா கூட்டத்துக்கு நட்டம் இல்லை. பெட்டையளோட நிண்டு கூட்டத்தைக் கட்டிக் காக்கிற நடுவயசு ஆணை எடுத்தா அடுத்த வருசக் குட்டியளை நீங்கள் எடுத்துப்போட்டியள் எண்டுதான் அர்த்தம்.

படி 3: வெளிச்சம், கோணம், அளவுகோல்

பைனாகுலர் 8x42 இல்லாட்டி 10x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும் எண்டது, ரெண்டாவது முன் கண்ணாடியின்ர அகலம் மில்லிமீற்றரில. கை நடுங்கிற ஆக்கள் 8 எடுங்கோ. துவக்கில பூட்டின ஸ்கோப்பால மிருகத்தை மதிக்கிற பழக்கம் வேண்டாம், அது ஆபத்து, அதோட ஸ்கோப்புக்குள்ள கண் போனவுடன மனசு முடிவெடுத்துப்போடும், பிறகு மதிப்பீடு எங்க நடக்கிறது.

வெளிச்சம் ஏமாத்தும். பின்னால சூரியன் இருந்து கொம்பு கறுப்பா வானத்தில தெரிஞ்சா எல்லாக் கொம்பும் பெரிசுதான். ஓடிப்போற மிருகத்தின்ர கொம்பும் பெரிசுதான், ஏனெண்டா பின்னால இருந்து பாக்கேக்க கொம்பு உடம்புக்கு மேல விரிஞ்சு தெரியும். வரட்சிக் காலத்தில உடம்பு வத்தின மிருகத்துக்கும் கொம்பு பெரிசாத் தெரியும். அதே மாதிரி சின்ன உடம்புச் சாதியும் ஏமாத்தும், தென்னாபிரிக்காவின்ர கிழக்குக் கேப் பக்கத்துக் கூடூ உடம்பிலயும் கொம்பிலயும் சின்னன், நமீபியாவில பழகின கண்ணோட அங்க போனா கணக்குப் பிழைக்கும்.

ஆகவே மூண்டு கோணம்: முன்னால இருந்து அகலமும் அடித் தடிப்பும், பக்கத்தில இருந்து சுருளின்ர ஆழமும் சாய்வும், பின்னால இருந்து விரிவு. மூண்டும் கிடைக்காட்டி ரெண்டு கோணமாவது வேணும். ஒரு கோணத்தை மட்டும் வச்சு முடிவு சொல்லுறவனை நம்பாதேங்கோ.

அளவுகோல் காதுதான். ஒரே சாதிக்குள்ள வளந்த மிருகத்தின்ர காது கிட்டத்தட்ட ஒரே அளவு, அது எப்பவும் கொம்புக்குப் பக்கத்திலயே இருக்கும். கூடூவின்ர காது சுமார் 9 அங்குலம், எங்கட கணக்கில ஒரு சாண். காதைக் கண்ணால தூக்கிக் கொம்புக்கு மேல ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிப் பாக்கிற பழக்கம் வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

படி 4: சாதி சாதியாப் பாப்பம்

கூடூ. எல்லாருக்கும் ஆசை இதிலதான். பெட்டைக்குக் கொம்பு இல்லை, ஆணுக்கு மட்டும், முறுக்கின வடம் போல சுருண்டு மேல போகும். ரெண்டு வயசளவில முதல் சுருள் முடியும். முழு ரெண்டரைச் சுருள் வர ஆறு வயசாகும். அபூர்வமா மூண்டு சுருளும் வரும். ஆகவே முதல் கேள்வி எத்தனை அங்குலம் எண்டு இல்லை, எத்தனை சுருள் எண்டுதான். ரெண்டு சுருளோட முனை உள்ளுக்குப் பாத்தபடி, ஒண்டை ஒண்டு நோக்கி நிண்டா அது இன்னும் வளரப்போற பெடியன், எவ்வளவு உயரமாத் தெரிஞ்சாலும் விடுங்கோ. முனை வெளிப்பக்கம் திரும்பி, முன்னுக்கும் கொஞ்சம் சரிஞ்சு, நுனி வெள்ளையாத் தெரிஞ்சா அது முடிஞ்ச கொம்பு.

அந்த வெள்ளை நுனியை வடிவாப் பாருங்கோ. கொட்டிலில கையில எடுத்துப் பாக்கேக்க தெரியும், கொம்பு முழுக்க மண்ணும் மரப்பட்டைச் சாறும் ஏறிக் கபிலமாக் கிடக்கும், நுனி ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் தேஞ்சு மினுங்கி, யானைத் தந்தம் மாதிரி மங்கல் வெள்ளையில, தடவினா வழுக்கும். காலமை வெயில் பக்கவாட்டில விழேக்க அந்த நுனி ரெண்டும் முதல் மின்னும், உடம்பு பத்தைக்குள்ள தெரியாட்டிலும் அது தெரியும். ட்ராக்கர்மார் கூடூவைக் கண்டுபிடிக்கிறதே கனதரம் அதை வச்சுத்தான்.

அடுத்தது சுருளின்ர ஆழம். ரெண்டு கூடூ ஒரே உயரமா நிக்கும், ஆனா ஒண்டின்ர சுருள் ஒடுக்கமா நேரா மேல போகும், மற்றது அகலமா வளைஞ்சு வளைஞ்சு போகும். அளக்கிறது சுருளின்ர முகட்டுக்கு மேலால, அதால அகலமா வளைஞ்சதுதான் நீளம் கூட. பக்கத்தில இருந்து பாக்கேக்க சுருளுக்கு நடுவில வானம் தாராளமாத் தெரிஞ்சா ஆழம் நல்லம். 56 எண்டு சொல்லி 49 வந்த கதை எல்லாம் அனேகமா ஒடுங்கின சுருளை உயரத்தை மட்டும் வச்சு மதிச்சதால வந்ததுதான். ரோலண்ட் வார்ட் எண்டது பெரிய கொம்புகளின்ர அளவைப் பதியிற பதிவேடு, அதில தெற்கத்திக் கூடூ ஏற வேணுமெண்டா 53 7/8 அங்குலம் வேணும், நல்ல கிழட்டுக் கூடூ கனக்க அதுக்குக் கீழதான் நிக்கும், அதுக்காக அது கூடாத ட்ரொபி எண்டு இல்லை. உடம்பில பாத்தா வயசு போன கூடூ சாம்பல் நீலமாப் போகும், கழுத்தில மயிர் குறையும், தொண்டைக்குக் கீழ தாடி நீண்டு தொங்கும். மே, ஜூன் பக்கம் இனச்சேர்க்கைக் காலம், அப்ப பெட்டையளோட நிக்கும், பிறகு ஆண்கள் தனியப் போயிடும்.

கெம்ஸ்பொக். இதில கன பேர் குழம்புவினம், ஏனெண்டா ஆண் பெண் ரெண்டுக்கும் கொம்பு, அதிலயும் பெண்ணின்ர கொம்புதான் நீளம். மெல்லிசா, ஈட்டி மாதிரி. ஆணின்ர கொம்பு கட்டை, ஆனா அடி தடிப்பு. முன்னால இருந்து பாத்தா ஆணுக்கு ரெண்டு அடிக்கும் இடையில இடைவெளி கொஞ்சம்தான், பெண்ணுக்கு அடி மெல்லிசு எண்டதால இடைவெளி கூடத் தெரியும். ஆணுக்குக் கழுத்து தடிப்பு, தோள் பாரம். இதையெல்லாம் விட நிச்சயமான வழி வயித்துக்குக் கீழ பாக்கிறது, வெக்கப்படாமல் பாருங்கோ.

நீளம் மதிக்க ஒரு வழி: தோள் உயரம் சுமார் 46 தொடக்கம் 48 அங்குலம். ரோலண்ட் வார்ட் கேக்கிறது 40. அப்ப கொம்பைக் கழட்டித் தோளுக்குப் பக்கத்தில நட்டு வச்சா ஒரு சாணுக்கு உட்பட்ட அளவுதான் குறைய வேணும். இப்பிடி மனசில நட்டுப் பாத்தா அனேகமான கெம்ஸ்பொக் 34, 35 எண்டுதான் வரும்.

ரோலண்ட் வார்ட் முறை நீண்ட கொம்பின்ர நீளத்தை மட்டும் பாக்கும், அதால அந்தப் பட்டியலில பெண் கெம்ஸ்பொக் கனக்க. சஃபாரி கிளப் இன்டர்நேஷனல், எஸ்சிஐ எண்டு சொல்லுறவை, ரெண்டு கொம்பின்ர நீளத்தோட அடிச் சுற்றளவையும் கூட்டுவினம், அதில தடிச்ச ஆணுக்கும் இடம் இருக்கு. நீளத்துக்காகக் குட்டியோட நிக்கிற பெண்ணை எடுக்கிற கேவலம் மட்டும் வேண்டாம். குட்டி கிட்ட நிக்குதோ, மடி பால் விட்டிருக்குதோ எண்டு பாத்துப்போட்டுத்தான் கதை.

ஈலண்ட். என்ர அபிப்பிராயத்தில வயசு எண்டா என்ன எண்டு படிக்கிறதுக்கு இதை மாதிரி மிருகம் இல்லை. ரெண்டு பாலுக்கும் கொம்பு, பெண்ணுக்கு நீளம், ஆணுக்குக் கட்டையும் தடிப்பும். கிழட்டு ஈலண்ட் நெத்தியில அடர்த்தியா கறுத்த மயிர்ப் பத்தை வளக்கும், கழுத்துக்குக் கீழ அலைதாடி பெரிசாத் தொங்கும், உடம்பு மண் நிறம் போய் நீலச் சாம்பலா மாறும். கொம்பு தேஞ்சு மொட்டையாப் போயிருக்கும். 35 அங்குலம் எண்டு பதிவேடு கேக்குது, உண்மையான கிழவன் அதைத் தொடாமலும் விடலாம், ஆனா அதுக்குப் பக்கத்தில நிக்கிற 36 அங்குல இளசைப் பாத்தா பொம்மை மாதிரி. இன்னொரு விசயம், பெரிய ஈலண்ட் நடக்கேக்க முன்காலில "டிக் டிக்" எண்டு சத்தம் வரும், முழங்கால் பக்கத்துத் தசைநாண் எலும்பில வழுக்கிறதால வாறது. பெரிய ஆணுக்குச் சத்தம் ஆழமா இருக்கும். காத்தில்லாத காலமையில பத்தைக்கு அங்கால இருந்து அந்தச் சத்தம் முதல் வரும், மிருகம் பிறகுதான் வரும். கொம்பைக் காணாமலே ட்ரொபியைத் தெரிஞ்சுகொள்ளுற ஒரே இடம் இதுதான் எண்டு நினைக்கிறன்.

இம்பாலா. ஆணுக்கு மட்டும் கொம்பு. மேல எழும்பி, வெளிய விரிஞ்சு, திரும்ப மேல போற வடிவம். நீளம் ஒளிஞ்சு கிடக்கிறது கடைசிப் பகுதியில, வளையம் முடிஞ்ச பிறகு வாற மொழு மொழு நுனி. அந்த நுனி நீண்டு நேரா மேல பாத்து, ரெண்டும் கிட்டத்தட்டச் சமாந்தரமா நிண்டா நல்லம். விரிஞ்ச நிலையிலயே நுனி முடிஞ்சுபோனா இன்னும் முத்தேல்லை. பதிவேட்டுக்கு 23 5/8. இம்பாலாவில ஒரு சிக்கல், ஒரே கூட்டத்தில கன ஆண் ஒண்டாக நிக்கும், எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், மேல சொன்ன கழுத்துத் தடிப்பை வச்சுப் பிரிச்சாத்தான் உண்டு. மே மாசம் பக்கம் இனச்சேர்க்கைக் காலத்தில பெரிய ஆண் உறுமிக்கொண்டு திரியும், பன்றி உறுமுற சத்தமோ எண்டு முதல் கேக்கிறவன் பயப்பிடுவான்.

ஸ்பிரிங்பொக். ரெண்டு பாலுக்கும் கொம்பு, பெண்ணுக்குப் பென்சில் அளவு மெல்லிசு. ஆணுக்கு அடி தடிச்சு, மேல விரிஞ்சு, நுனி உள்ளுக்குக் கொக்கி போடும். கொம்பின்ர உயரம் காதைப்போல ரெண்டு மடங்கு எண்டா நல்ல கிடாய், நிண்டு பாருங்கோ. 14 அங்குலம் பதிவேட்டு அளவு. கொக்கி எவ்வளவு திரும்பியிருக்கு எண்டதையும் கூட்டிக்கொள்ளுங்கோ, உயரத்தில தெரியாத நீளம் அங்க கிடக்கு.

நீல வில்டபீஸ்ட். இதை அளக்கிறது நீளத்தால இல்லை, வெளி அகலத்தால. 28 1/2 அங்குலம். கொம்பு காதைத் தாண்டி வெளிய எவ்வளவு போகுது எண்டு பாக்க வேணும். நடு உச்சியில கொம்பு அடி ரெண்டும் கல்லு மாதிரி இறுகி மூடியிருக்குதோ, மயிர் இடையில தெரியுதோ எண்டு பாருங்கோ, மயிர் தெரிஞ்சா இளசு. எங்கட எருமை பாத்துப் பழகினவனுக்கு வில்டபீஸ்ட் லேசு.

நியாலா, புஷ்பக் ரெண்டும் கூடூவின்ர சொந்தக்காரர், சின்னச் சுருள், வெள்ளை நுனி, பெட்டைக்குக் கொம்பு இல்லை. நியாலாவுக்கு 27, புஷ்பக்குக்கு 15. வயசு போன புஷ்பக் கறுத்துப்போகும், கழுத்தில பட்டி கட்டினது மாதிரி மயிர் இல்லாத வளையம் வரும். ஸ்டீன்பொக் மாதிரிச் சின்னனுகளில அளவு கதைக்கிறதே விசர், கொம்பு காதுக்கு மேல தெரிஞ்சா சரி, ஒரு அங்குலத்தின்ர எட்டில ஒரு பங்குக்கு ஆக்கள் சண்டை பிடிக்கிறதை நான் கண்டிருக்கிறன்.

படி 5: அளவு முறையை முதலே முடிவெடுங்கோ

பதிவேடு எண்டு சொன்னதால இதையும் சொல்லவேணும். ரோலண்ட் வார்ட் 1892இல இருந்து வாற பதிவேடு, பெரும்பாலும் நீளம் மட்டும். எஸ்சிஐ நீளமும் தடிப்பும். நமீபியாவின்ர தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம் நாப்ஹா வயசை அடிப்படையா வச்சு ஒரு அளவு முறை கொண்டு வந்திருக்கினம், முத்தின மிருகத்துக்குத்தான் மதிப்பு, இளசு எவ்வளவு நீளமா இருந்தாலும் எடுபடாது. எனக்கு மூண்டில இதுதான் மனசுக்குப் பிடிச்சது, ஆனா வெளிநாட்டில இருந்து வாறவை கன பேர் அங்குலத்தைத்தான் கேக்கினம், வீட்டுச் சுவரில எழுதி வைக்க எண் வேணுமே. அந்த ஆசைக்கு எண்டே தென்னாபிரிக்காவில வேலி போட்ட ஃபார்மில கொம்பு நீளத்துக்கெண்டு, நிறத்துக்கெண்டு மிருகம் வளக்கினம், கறுத்த இம்பாலா, பொன் நிற வில்டபீஸ்ட் எல்லாம் அப்பிடிப் பெருக்கினதுதான். காசு குடுத்து அதை எடுக்கிறது அவையவையின்ர விருப்பம், மதிப்பீட்டுத் திறமைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போறதுக்கு முந்தி உங்கட பிஎச், அதுதான் கூட வாற தொழில்முறை வேட்டைக்காரர், அவரோட இருந்து கதையுங்கோ. எனக்கு முத்தினது வேணும், அளவு பிறகு எண்டு சொன்னா அந்தாளின்ர முகமே மலரும். ஒண்டும் சொல்லாட்டி, உங்களைச் சந்தோசப்படுத்த வேணுமெண்டு முதல் நாளே பாக்க நல்லா இருக்கிற ஒண்டைக் காட்டிப்போடுவார். மிருகம் முன்னுக்கு நிக்கேக்க கிடைக்கிறது சில செக்கன்தான், அப்ப விவாதிக்க நேரம் இல்லை. "இது எடுக்கலாமோ" எண்டு ரெண்டு பேரும் குசுகுசுக்கத் தொடங்கினா அது எடுக்கிற மிருகம் இல்லை எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. முத்தின பெரிசு வந்தா ட்ராக்கர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், அதுவே பதில்.

படி 6: வன்னியிலயே கண்ணைப் பழக்குங்கோ

ஆபிரிக்காவுக்கு ரிக்கற் போட முந்தி செய்யக்கூடிய வேலை இது, செலவும் இல்லை. முதல் எருமை. வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் வயல் வெட்டின பிறகு பட்டி பட்டியா நிக்கும். தூரத்தில இருந்து பைனாகுலரால பாத்து, காதை வச்சுக் கொம்பு நீளத்தை மதிச்சு, ஒரு கொப்பியில எழுதுங்கோ. பிறகு பட்டிக்காரரிட்டக் கேட்டு, கட்டி நிக்கேக்க அளந்து பாருங்கோ. சைக்கிள் பிரேக் கம்பி ஒண்டை எடுத்துக் கொம்பின்ர வெளி வளைவு வழியாப் படியப் பிடிச்சு, நுனியில ரேப் சுத்தி அடையாளம் வச்சு, நிலத்தில நீட்டி அளந்தாச் சரி. கொட்டிலில நாங்கள் கூடூவின்ர சுருளை அளந்ததும் கிட்டத்தட்ட இதே வழிதான், கம்பி முகட்டில இருந்து வழுக்காமல் ஒருத்தர் பிடிக்க வேணும், மற்றவர் இழுக்க வேணும். முதல் கொஞ்ச நாள் எல்லாரும் கூட்டித்தான் மதிப்பினம். பத்து அங்குலம் கூடச் சொல்லுறவனும் மெல்ல மெல்ல ரெண்டு மூண்டுக்கு வந்துடுவான். பட்டிக்காரரிட்ட வயசையும் கேளுங்கோ, எருமையின்ர வயசு அவருக்கு மறக்காது, உடம்பைப் பாத்து நீங்கள் சொன்ன வயசு சரியோ எண்டு அங்கயே தெரிஞ்சுபோகும்.

ஆட்டுக் கிடாயும் நல்லம். ஒரே கிடாயை வருசம் வருசமாப் படம் எடுத்தா கழுத்து எப்பிடித் தடிக்குது எண்டது கண்ணுக்குத் தெரியும்.

புள்ளிமான், மரையைப் பாத்துக் கொம்பு நீளம் பழகேலாது, அது வேற சாதிக் கொம்பு, ஆனா உடம்பு வயசு பழகலாம். ஓகஸ்ட், செப்டெம்பர் வரட்சியில குளம் வத்தி நடுவில கொஞ்சத் தண்ணி நிக்கேக்க பின்னேரம் மான் வரும். மடு வீதி, சுண்டிக்குளம் ரெண்டும் 2015இல தேசியப் பூங்காவா அறிவிச்ச இடங்கள், கீழ வில்பத்து இருக்கு, அனுமதி எடுத்துப் பாதையை விட்டு விலகாமல் பாக்கலாம். எந்த ஆண் முதல் தண்ணிக்கு வருது, எது பத்தை ஓரத்தில நிண்டு காத்திருக்குது, எதின்ர கழுத்து தடிப்பு, எது பள்ளம் விழுந்த முதுகு எண்டு பாருங்கோ. புள்ளிமானில ஒரே நேரத்தில ஒண்டு முத்தின கொம்போடயும் இன்னொண்டு தோல் மூடின கொம்போடயும் நிக்கும், அதால கொம்பை நம்பி வயசு சொல்லவே ஏலாது, கண்ணைக் கட்டாயம் உடம்புக்குத் திருப்பும், அதுதான் எங்களுக்கு வேண்டிய பயிற்சி.

துவக்கு, ரோச் லைட், நாய் ஒண்டும் கொண்டு போகாதேங்கோ. இடியன் துவக்கும் மரை வத்தலும் எங்கட அப்புமாற்ற காலத்துக் கதை, இண்டைக்கு அது வழக்கும் மறியலும். அதோட மிதிவெடி அபாயப் பலகை நிக்கிற இடத்துக்குள்ள, நாடா கட்டின பக்கத்துக்குள்ள ஒரு அடியும் வைக்காதேங்கோ, மான் போன பாதை எண்டு நினைச்சும் போகாதேங்கோ.

படி 7: விழுந்த பிறகு

அளக்கிறது ஆறுதலாச் செய்யலாம், ஆனா படம் எடுக்க முந்தி இரத்தத்தைத் துடைச்சு, நாக்கை உள்ள தள்ளி, மிருகத்தை மரியாதையா வையுங்கோ. கொம்பைக் கமராவுக்கு நீட்டிப் பிடிச்சு ஆள் பின்னுக்குப் போய் நிண்டு எடுக்கிற படம் எல்லாருக்கும் தெரிஞ்ச சுத்துமாத்து. 49ஐ 60 ஆக்கிக் காட்டும், வட்ஸ்அப்பில எனக்கு வாற படத்தில பாதி அப்பிடித்தான், அதால ஆள் கொம்புக்குப் பக்கத்தில, ஒரே வரிசையில இருக்கிற படம் அனுப்பினாத்தான் நான் அளவு சொல்லுவன்.

பல்லைப் பாக்க மறக்காதேங்கோ. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின்ர முகடு கூரா நிண்டா இளசு, தேஞ்சு தட்டையாப் போயிருந்தா நீங்கள் எடுத்தது சரியான மிருகம். நிக்கேக்க நீங்கள் சொன்ன வயசையும், பல்லு சொல்லுற வயசையும் கொப்பியில பக்கத்தில பக்கத்தில எழுதி வையுங்கோ. தாடையைக் கழட்டித் தரச்சொல்லி ஸ்கின்னரிட்ட, அதுதான் தோல் உரிக்கிறவரிட்ட, கேட்டா சந்தோசமாத் தருவினம், கன பேர் அதை எறிஞ்சுபோட்டுக் கொம்பைத்தான் கொண்டு போறவை.

கொம்பை ஊருக்குக் கொண்டு வாற எண்ணம் இருந்தா, சுடுறதுக்கு முந்தியே அந்த நாட்டு ஏற்றுமதிப் பத்திரத்தையும் இஞ்ச வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதியையும் விசாரிச்சு வையுங்கோ. பெட்டி கட்டுநாயக்காவில வந்து நிக்கேக்க விசாரிக்கிற விசயம் இல்லை இது.